காற்று திரும்பினால் தூசி எங்கே போகும்? மூன்று புளியங்கொட்டைக் கணக்கு

கிளிநொச்சியில் ஏலெவல் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். கதிரியக்கத் தூசி பரவுவதைக் கணினியில் காட்டமுன் மேசையில்தான் காட்டுவேன். வரைபுத்தாள் ஒன்று, புளியங்கொட்டை மூன்று போதும்.

தாளின் மேல்பக்கம் வடக்கு. நடுவில் ஒரு புள்ளடி போடுங்கள். தூசி கிளம்பும் இடம் அது. 1 சென்ரிமீற்றர் என்பது 5 கிலோமீற்றர். காற்று மணிக்கு 10 கிலோமீற்றர் என்றால் கொட்டை மணிக்கு 2 சென்ரிமீற்றர் நகரும். கச்சான் காற்று மேற்கிலிருந்து வருவது (தின்கிற கச்சானை மறந்துவிடுங்கள்), ஆகவே கொட்டை கிழக்கே போகவேண்டும். முதன்முதல் செய்துகாட்டிய அன்று நானே மாறி நகர்த்தி, தூசி முழுவதையும் மேற்குக் கடலில் கொண்டுபோய் விட்டேன்.

முதல் மணி கச்சான்: முதற்கொட்டை கிழக்கே 2. அடுத்த மணி காற்று சோழகமாகத் திரும்புகிறது, தெற்கிலிருந்து. புள்ளடியில் இரண்டாவது கொட்டையை வைத்து, இரண்டையும் வடக்கே 2 தள்ளுங்கள். மூன்றாம் மணியும் சோழகம்தான். மூன்றாவதையும் வைத்து, மூன்றையும் அதே அளவு தள்ளுங்கள்.

சரி, இப்போது புள்ளடியிலிருந்து மூன்று, இரண்டு, ஒன்று என்று கொட்டைகளைக் கோட்டால் இணையுங்கள். கோடு நேரே வடக்கே ஏறி, உச்சியில் கிழக்கே முறியும். முதற்கொட்டையோ முதலில் கிழக்கே போய், பிறகுதான் வடக்கே ஏறியது. இங்கேதான் எல்லாரும் தடுக்குவார்கள். வயலில் வைக்கோல் எரியும்போது காற்று மாறினால் புகை வளைந்து நிற்கும், கண்டிருப்பீர்கள். அந்த வளைவு வழியே எந்தப் புகையும் நடந்து போகவில்லை.

கொட்டையைச் சுற்றி வட்டம் கீறுங்கள். ஆரம், வந்த தூரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று. வெயிலில் வளி கூடக் கலங்கும், அப்போது வட்டத்தைப் பெருப்பிக்கலாம். பெருந்துணிக்கைகள் நெடுந்தூரம் வராது: 1500 மீற்றர் உயரத்திலிருந்து செக்கனுக்கு அரை மீற்றர் வீதம் இறங்கினால் 50 நிமிடத்தில் நிலத்தில்.

மழையை மட்டும் சும்மா விடாதீர்கள், அது தூசியை நிலத்தில் இறக்கிவிடும். மழை பெய்யும் கட்டத்தில் கொட்டை நின்றால் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் கருக்கத் தீட்டுங்கள். 2011 மார்ச் 15 அன்று புகுஷிமாவில் காற்று வடமேற்கு நோக்கித் திரும்பியது. மழையும் பனியும் சேர்ந்துகொண்டன. 20 கிலோமீற்றர் வெளியேற்ற வட்டத்துக்கு வெளியே, ஏறக்குறைய 40 கிலோமீற்றரில் இருந்த ஈட்டாட்டே கிராமமும் பிறகு இடம்பெயர வேண்டிவந்தது.

இதெல்லாம் கைக்கு வந்தபின், அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஹைஸ்பிளிட்டைத் திறக்கலாம். காற்றோடு தூசி போகும் வழியைக் கணிக்கும் கணினி நிரல் அது. கூடங்குளம் எங்களிலிருந்து முந்நூறு கிலோமீற்றர் சொச்சம். அதைத் தொடக்கப் புள்ளியாகக் கொடுத்து, ஆடியில் ஒருநாளும் மார்கழியில் ஒருநாளும் ஓட்டி, எந்த மாதத்துக் கோடு மன்னாரைத் தொடுகிறது என்று பார்த்துவரச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிடுவேன்.