பழைய வீடு வாங்க வக்கீல் பிடித்த விதம்

சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பழைய வீடு என்றால் பெரும்பாலும் பூர்வீகச் சொத்து, வாரிசுகள் ஏராளம். அதனால் புரோக்கர் கூட்டி வந்த வக்கீலை விட்டுவிட்டு, விற்பவரோடு தொடர்பே இல்லாத சிவில் வக்கீலைத் தேடினேன். சொத்தின் மேல் பதிவான பரிவர்த்தனைகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பற்றி, "அதில் எதெல்லாம் தெரியாது?" என்று கேட்டேன். பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு, கையெழுத்துப் போடாத மகளின் பங்கு என்று அடுக்கியவரையே வைத்துக்கொண்டேன். அவர் 30 வருட வில்லங்கத்தை வாரிசுச் சான்றோடு ஒப்பிட்டபோது ஒரு மகள் விடுபட்டது தெரிந்தது. அந்த மகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவுசெய்து வாங்கிய பிறகே கிரயம்.

மூலப்பத்திரத்தின் (சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்) அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும். நகல் மட்டும் காட்டினால் அசல் அடமானத்தில் இருக்கலாம். உரிமையாளருக்குப் பதிலாக வேறொருவர் விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரம் என்றால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது முக்கியம். கோயிலுக்குச் சொந்தமான மனையா என்றும் வக்கீலை விசாரிக்கச் சொல்லுங்கள். வக்கீலின் லீகல் ஒப்பீனியன் (எழுத்துமூலமான சட்டக் கருத்து) கையெழுத்தோடு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.