குறைந்த விலைக் கணினிக்கு எந்த இயங்குதளம்?

வீட்டுக்கென முதன்முதலாகப் பழைய கணினி வாங்குபவர், இயங்குதளத்தைத் தீர்மானிக்கும் முன் அதன் நினைவகத்தை (ரேம்) பார்க்க வேண்டும். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பகம், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி ஆகியவை தேவை என மைக்ரோசாஃப்ட் கூறினாலும், 8 ஜிபி இல்லாத கணினி அன்றாடப் பயன்பாட்டிலேயே திணறும். பழைய விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட) 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எனவே நினைவகம் குறைந்த கணினிகளுக்கு, கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையே பரிந்துரைப்பேன். அதைப் பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே கணினியை இயக்கி, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி (பெரும்பாலும் சிக்கல் தருவது இதுதான்) ஆகியவை சரியாக இயங்குகின்றனவா என்று சோதித்த பிறகே நிறுவ வேண்டும். கணக்கு எழுதும் டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள், கூடுதலாகச் செலவழித்தேனும் விண்டோஸ் 11க்குத் தகுதியான கணினியையே வாங்கட்டும்.