செந்தட்டிப் புகையும் ரை தானியமும்: டென்மார்க்கின் சிறு வடிசாலை விஸ்கியைச் சுவைத்தறியும் முறை

ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பப்பட்ட விஸ்கிப் புட்டி தீர்ந்துபோனால், அந்தச் சுவை மறுபடி கிடைக்காது. இருநூறு லிட்டர் கொள்ளும் பீப்பாயில் சில ஆண்டுகளுக்குள் ஒரு பகுதி ஆவியாகிவிட, எஞ்சுவதை நிரப்பினால் சில நூறு புட்டிகள்தாம் தேறும். டென்மார்க்கின் சிறு வடிசாலைகள் பலவும் தம் விஸ்கியை இப்படிச் சிறுகச் சிறுகவே வெளியிடுகின்றன. எனவே அத்தகைய புட்டி ஒன்று கைக்கு வந்தால், அவசரப்படாமல் முறையாகச் சுவைத்து, சுவைத்ததை எழுதியும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூடியைத் திறக்கும் முன், எந்தத் தானியம், எந்தப் புகை, எந்தப் பீப்பாய் என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மேற்கு யூட்லாந்தில் ஸ்டௌனிங் என்னும் சிற்றூரில் 2005-ஆம் ஆண்டு ஒன்பது நண்பர்கள் ஓர் இறைச்சிக் கடையில் சோதனையாகத் தொடங்கிய வடிசாலை, இன்று 24 சிறிய செம்பு வடிகலன்களை நேரடி நெருப்பில் வைத்துக் காய்ச்சும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அங்கே பார்லியையும் ரை தானியத்தையும் தரையில் பரப்பி முளைகட்டுகிறார்கள். ரை மணிக்கு உமி இல்லாததால் அதன் கூழ் பிசுபிசுத்து வடிகட்டுவதற்குத் தொல்லை தரும். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்வதற்குக் கிடைக்கும் பலன் மிளகும் கிராம்பும் கலந்த காரமும், டேனிஷ் மக்கள் அன்றாடம் உண்ணும் கறுத்த ரை ரொட்டியின் மேலோட்டை நினைவூட்டும் மணமும் ஆகும்.

புகையைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, கீவ என்ற ஊருக்கு அருகே ஃபாரே கிராமத்தில் உள்ள ஃபாரி லோக்கன் வடிசாலை. 2009-ஆம் ஆண்டின் இறுதியில் காய்ச்சத் தொடங்கிய இந்தச் சிறு வடிசாலையில், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டின் ஒரு பகுதிக்கு, ஸ்காட்லாந்தில் வழக்கமான பீட் என்னும் மக்கிய தாவரக் கரிக்குப் பதிலாக, நெட்டில் செடியைக் கொண்டு புகையூட்டுகிறார்கள். தொட்டால் சுணைக்கும் இந்தச் செடி நம் ஊர்ச் செந்தட்டியை ஒத்தது. ஃபுன் தீவில் பாலாடைக்கட்டிக்கு வைக்கோலும் நெட்டிலும் கொண்டு புகையூட்டும் பழைய வழக்கத்திலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது. பீட் புகையில் மருந்து வாடையும் தார் வாடையும் தூக்கலாக இருக்கும். செந்தட்டிப் புகையோ காய்ந்த புல்லையும் பச்சிலையையும் சுட்டதுபோல மெலிதாகவே வரும். பீட் புகையை எதிர்பார்த்து மூக்கைக் கொண்டுபோனால் இந்த மென்மை பிடிபடாமலே நழுவிவிடும். இவ்வகை விஸ்கியைச் சுவைப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதையே.

பீப்பாயின் விவரம் பெரும்பாலும் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். முன்பு பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய் என்றால் வெனிலாவும் தேங்காயும், ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் இருந்தது என்றால் உலர்ந்த திராட்சையும் கொட்டைப் பருப்பும் முன்னுக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி விஸ்கியை 700 லிட்டருக்கு மேற்படாத மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பீப்பாய் சிறியதாக இருந்தால் மரத்தோடு படும் பரப்பு விகிதத்தில் கூடி, நிறம் விரைவிலேயே கறுத்துவிடும். ஆகையால் நிறத்தை வைத்து வயதைக் கணிக்கக் கூடாது.

கிண்ணம், அடி அகன்று வாய் குறுகி, துலிப் மலர்போல இருக்க வேண்டும். நேரான தம்ளரில் மணம் கலைந்து போகும். ஊதுபத்தி, சாம்பிராணி, தாளிப்பு வாடை எதுவும் அறையில் இருக்கக் கூடாது. பனிக்கட்டி வேண்டாம், குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். ஆளுக்கு 15 மி.லி. போதும். ஊற்றியபின் பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு கிண்ணத்தை மூக்குக்குச் சற்றுக் கீழே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக மூச்சை இழுங்கள். முதல் மோப்பத்தில் சாராய நெடிதான் தெரியும். இரண்டு மூன்று முறை விலக்கி விலக்கி மோந்தால் அந்த நெடி பின்வாங்கி, பின்னால் இருந்த தானியமும் பழமும் வெளிப்படும். மூக்கு மரத்துவிட்டதாகத் தோன்றினால், உங்கள் சட்டைக் கையையே ஒருமுறை மோந்துவிட்டுத் திரும்புங்கள். பழகிய வாசனை மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு மட்டுமே. அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இரண்டாவது மிடற்றை நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி பத்து விநாடி வைத்திருந்து விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே மூச்சை விடுங்கள். செந்தட்டிப் புகை அப்போதுதான் தொண்டைக்கு மேலே எழும்பி வருவதை உணர்வீர்கள். முன்னே இனிப்பு, நடுவே காரம், கடைசியில் புகை என்று வரிசையாக வருகிறதா, எல்லாம் ஒன்றாகக் கலந்து வருகிறதா என்று கவனியுங்கள். விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதையும் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். தண்ணீர் கலக்காமல் பீப்பாய் வலிமையிலேயே நிரப்பப்பட்ட வெளியீடுகள் 60 சதவீதத்தை ஒட்டிய சாராய அளவோடு வருவதுண்டு. அவற்றுக்குத் தண்ணீர் சேர்ப்பது விஸ்கியைக் கெடுப்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் என்னும் மூலக்கூறு, சாராயம் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது திரவத்தின் உள்ளே அமிழ்ந்து கிடக்கிறது என்றும், 45 சதவீதமோ அதற்குக் கீழோ வரும்போது மேற்பரப்பை நாடி வருகிறது என்றும் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ஆம் ஆண்டில் கணினி மாதிரி மூலம் காட்டினார்கள். மேற்பரப்புக்கு வந்த மணமே மூக்குக்கு எட்டும். கணக்கு எளிது: 60 சதவீதமுள்ள 15 மி.லி.யில் 1 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 56 சதவீதம், 2 மி.லி. சேர்த்தால் 53, ஒரு தேக்கரண்டியான 5 மி.லி. முழுவதும் சேர்த்தால் 45. ஒரேயடியாக ஊற்றிவிடாமல், சொட்டு மருந்துக் குழலால் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் மோந்து, ஒரு சிறு மிடறு சுவையுங்கள். கிண்ணத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தால், விழுந்த துளி உடனே கரையாமல் நெளி நெளியான இழைகளாக இறங்குவதைக் காணலாம். குளிர்வித்து வடிகட்டப்படாத விஸ்கியில் தண்ணீர் சேரச் சேர மெல்லிய கலங்கலும் தோன்றலாம். பீப்பாயிலிருந்தும் தானியத்திலிருந்தும் வந்த கொழுப்பமிலச் சேர்மங்கள் பிரிவதால் உண்டாவது அது, பழுதில்லை.

ஒரே மாலையில் மூன்றுக்கு மேல் சுவைக்க வேண்டாம். 60 சதவீத வலிமையில் மூன்று கிண்ணம் என்பது 27 மி.லி. தூய சாராயம். அதற்குமேல் நாக்கும் ஏமாற்றும், உடலுக்கும் ஆகாது. துப்பிவிட்டுச் சுவைப்பதில் இழிவு ஒன்றுமில்லை. புகையில்லாத பார்லி விஸ்கி முதலிலும், ரை அடுத்தும், புகையூட்டியது கடைசியிலும் வரட்டும். இடையிடையே வெறும் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும்.

குறிப்பெழுதும்போது, முகர்ந்தே அறியாத ஹெதர் பூவின் தேனையும் ஐரோப்பியக் காட்டுப் பழங்களையும் பிறர் எழுதினார்கள் என்பதற்காக எழுதாதீர்கள். உங்கள் நினைவில் எழுவது கருப்பட்டிப் பாகு என்றால் கருப்பட்டிப் பாகு என்றும், வைக்கோற்போர் என்றால் வைக்கோற்போர் என்றும் எழுதுங்கள். ஓராண்டு கழித்துப் படித்தாலும் அந்தச் சொல்தான் சுவையை மீட்டுத் தரும். பீப்பாய் எண், நிரப்பிய தேதி, சாராய அளவு, எத்தனை மி.லி. தண்ணீரில் நன்றாக இருந்தது என்பவற்றையும் சேர்த்துக் குறியுங்கள்.

புட்டியை நிற்கவைத்தே வையுங்கள். படுக்கவைத்தால் வலுவான சாராயம் தக்கையை அரித்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் மீதியைச் சிறு புட்டிக்கு மாற்றினால் காற்றுப்பட்டு மணம் மங்குவது தள்ளிப்போகும். சுவைத்த கிண்ணத்தை அன்றிரவே கழுவாமல் வைத்து, மறுநாள் காலையில் மோந்து பாருங்கள். சாராயம் முழுவதும் போயிருக்கும். அடியில் ஒட்டிய ஈரமற்ற படலத்தில் முளைகட்டிய தானியமும், அணைந்த அடுப்பின் சாம்பல்போல அந்தச் செந்தட்டிப் புகையும் தனித்துத் தெரியும். அதையும் முந்தைய நாள் குறிப்புக்குக் கீழே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவுங்கள்.