பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தின் காலத்தைக் கணிப்பது எப்படி?

பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) காலத்து ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் ஒன்றின் வரலாற்றைத் தேடுபவர், முன்மண்டபத்திலிருந்து உள்ளே நுழையும் வாசலிலிருந்து தொடங்குவதே நல்லது. பல ஆலயங்களில் அந்த வாசல்நிலைக்கு மேலேதான் கொடையாளரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். வட மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேவுக்கு அருகே, நெரேசியில் உள்ள புனித பாந்தலைமோன் ஆலயத்திலும் அத்தகைய கிரேக்கக் கல்வெட்டு உண்டு. கொம்னெனோஸ் அரச குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சியோஸின் கொடையைக் குறிப்பிடும் அக்கல்வெட்டு, செப்டம்பர் மாதம், 13ஆம் இண்டிக்ஷன் (ஒரு வகை ஆண்டுச் சுழற்சி எண்), 6673ஆம் ஆண்டு என்று காலத்தைச் சொல்கிறது.

இது உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணப்படும் ஆண்டு. பழந்தமிழ்க் கணக்கில் க, உ, ங ஆகியவை எண்களாக நின்றதைப் போல, கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாக நிற்கும். ஆகவே எழுத்துகளின் மதிப்பை முதலில் கூட்டிக்கொள்ள வேண்டும். பைசாந்திய ஆண்டு செப்டம்பர் 1 அன்று பிறப்பதால், கல்வெட்டில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான மாதம் இருந்தால் 5509ஐயும், மற்ற மாதங்களுக்கு 5508ஐயும் கழிக்க வேண்டும். நெரேசிக்குக் கிடைப்பது கி.பி. 1164. மாதத்தைக் கவனிக்காமல் கழித்தால் ஓராண்டு பிசகிவிடும்.

இண்டிக்ஷன் என்பது 15 ஆண்டுச் சுழற்சி. 6673ஐ 15ஆல் வகுத்தால் மீதி 13 வருகிறது. கல்வெட்டின் இரு எண்களும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. (மீதி வராவிட்டால் அது 15ஆம் இண்டிக்ஷன்.) ஆண்டின் கடைசி எழுத்து தேய்ந்துபோன கல்லில், அதை மீட்க இதைவிட எளிய வழி இல்லை என்றே சொல்வேன்.

ரஷ்யாவில், உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் இந்த ஆண்டுமுறை, மன்னர் முதலாம் பீட்டரின் ஆணைப்படி 1700 ஜனவரி 1 முதல் வழக்கொழிந்தது.

அடுத்து சுவர்களைப் பார்க்க வேண்டும், ஏனெனில் கல்வெட்டின் ஆண்டு ஆலயம் முழுமைக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. நெரேசி ஆலயம் 1555 நிலநடுக்கத்தில் சேதமடைந்தபின் அதன் மேற்பகுதியில் புதிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. பிற்கால வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் 1923இல்தான் வெளிப்பட்டன. இத்தகைய ஆலயங்களில், ஓவியத்தின் மீது சிறுசிறு கொத்துப் பள்ளங்கள் தென்பட்டால், புதுச் சாந்து பிடித்து நிற்பதற்காகப் பிற்காலத்தவர் கொத்தியவையாக அவை இருக்கலாம். கல்வெட்டின் வரி ஓரத்தில் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால், அந்தக் கல்லே வேறொரு கட்டடத்திலிருந்து பெயர்த்துவந்து பதிக்கப்பட்டதா என்று ஆராயாமல் ஆண்டை முடிவுசெய்யக் கூடாது.