சி.எஸ்.எக்ஸ். பெயரில் ‘எக்ஸ்’ எதற்கு? அமெரிக்க ரயில் கம்பெனிப் பெயர்களைத் திட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.என்.எஸ்.எஃப். என்ற ரயில் கம்பெனியின் பெயருக்கு விரிவாக்கம் கேட்காதீர்கள். கேட்டால் யாராவது “பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே” என்று சொல்வார், நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். 1996 கடைசியில் பர்லிங்டன் நார்தர்ன், சான்டா ஃபே என்ற இரண்டு ரயில்வேக்களும் ஒன்றானபோது அது ஏறக்குறைய சரி. ‘பர்லிங்டன் நார்தர்ன் அண்டு சான்டா ஃபே ரயில்வே’ என்றுதான் அப்போது பெயர் வைத்தார்கள். 2005 ஜனவரியில் பதிவுப் பெயரையே ‘பி.என்.எஸ்.எஃப். ரயில்வே’ என்று மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த நாலு எழுத்துதான் முழுப் பெயர்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்று பெரிய சரக்கு ரயில் கம்பெனிகள் ஆறுதான்: யூனியன் பசிபிக், பி.என்.எஸ்.எஃப்., சி.எஸ்.எக்ஸ்., நார்ஃபோக் சதர்ன், கனடியன் நேஷனல், சி.பி.கே.சி. இந்த ஆறைப் பற்றியும் ரயில் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கடைசியில் பெயரில்தான் வந்து நிற்கும். “அந்தக் காலத்தில் ஊர் பேர், மலை பேர், ஆற்றுப் பேர் எல்லாம் இருந்தது. இப்போது இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரிப் பெயர் வைக்கிறான்” என்பார்கள். பாதி எனக்கும் சம்மதம்தான். ஆனால் அந்தப் புலம்பலுக்குள் சில தவறுகள் வருஷக்கணக்காகச் சுற்றி வருகின்றன. அவற்றில் பலவற்றை நானே அடித்துச் சொல்லி, பின்னால் அசடு வழிந்திருக்கிறேன்.

என் பெரிய அசடு சி.எஸ்.எக்ஸ். விஷயத்தில். ஏதோ விளம்பரக் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கிய பெயர் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு. செஸ்ஸி சிஸ்டம், சீபோர்டு கோஸ்ட் லைன் என்ற இரண்டு ரயில் கம்பெனிகள் இணையப் பேசிக்கொண்டிருந்தபோது, இது சரிசமமான கூட்டு, ஆகவே இரண்டில் எந்தப் பெயரும் புதுப் பெயரில் இருக்கக் கூடாது என்று தலைவர்கள் முடிவெடுத்தார்கள். ஊழியர்களிடம் யோசனை கேட்டார்கள். வந்தவற்றில் பெரும்பாலானவை முதலெழுத்துகளை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டவைதான். இதற்கு நடுவே, அரசின் வர்த்தக ஆணையத்திடம் கொடுக்கும் காகிதங்களில் எழுத ஒரு தற்காலிகப் பெயர் தேவைப்பட்டது. ‘சி.எஸ்.சி.’ என்று எழுதிப் பார்த்தார்கள். வர்ஜீனியாவில் ஒரு லாரி கம்பெனிக்கு அந்தப் பெயர் இருந்தது. ‘சி.எஸ்.எம்.’ என்று எழுதினார்கள். அதையும் வேறு யாரோ வைத்திருந்தார்கள். சரி, எக்ஸ் போடுவோம் என்று வக்கீல்கள் போட்டார்கள். அதுவே ஒட்டிக்கொண்டது. 1980 நவம்பரில் கம்பெனி பிறந்தபோது, சி என்றால் செஸ்ஸி, எஸ் என்றால் சீபோர்டு, எக்ஸ் என்பது பெருக்கல் குறி, சேர்ந்தால் நாங்கள் பல மடங்கு என்று விளக்கம் சொன்னார்கள். பிள்ளை பிறந்த பிறகு ஜாதகம் எழுதின கதைதான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சி.எஸ்.எக்ஸ். வேகன் ஒன்றின் பக்கவாட்டைக் கிட்டத்தில் பாருங்கள். எண்ணுக்கு மேலே சி.எஸ்.எக்ஸ்.டி. என்று நாலு எழுத்து இருக்கும். வட அமெரிக்காவில் ஒவ்வொரு வேகனிலும் உரிமையாளரின் குறியீடு எழுதியிருக்க வேண்டும். அந்தக் குறியீடு எக்ஸ் எழுத்தில் முடிந்தால் வேகன் ரயில்வேயுடையது இல்லை, தனியாருடையதோ வாடகைக்கு விடும் கம்பெனியுடையதோ என்று பொருள். அதனால், ரயில் கம்பெனி தன் பெயரையே தன் வண்டியில் அப்படியே எழுத முடியவில்லை. கடைசியில் ஒரு டி சேர்த்தார்கள். வக்கீல் அவசரத்தில் போட்ட ஓர் எழுத்துக்கு வேகன் வேகனாக இன்னும் ஓர் எழுத்து தண்டம்.

அடுத்த தவறு, பழைய பெயர்கள் எல்லாம் உண்மையைச் சொன்னன என்று நம்புவது. ‘சிகாகோ, ராக் ஐலண்டு அண்டு பசிபிக்’ என்று ஒரு ரயில்வே இருந்தது. பெயரைக் கேட்டால் கடல் வாசனை வரும். மேற்கே அதன் தண்டவாளம் நியூ மெக்சிகோவோடு நின்றுவிட்டது; பசிபிக் கடலைப் பார்க்காமலேயே 1980இல் இழுத்து மூடினார்கள். ‘செயின்ட் லூயிஸ்–சான் பிரான்சிஸ்கோ’ என்று இன்னொன்று. ஃபிரிஸ்கோ என்று ரசிகர்கள் இன்றும் கொஞ்சுவார்கள். அது சான் பிரான்சிஸ்கோ போகட்டும், கலிஃபோர்னியா எல்லையைக்கூடத் தொட்டதில்லை. இவை முதலீட்டாளர்களிடம் பங்கு விற்க வைத்த பெயர்கள். வீட்டுமனை விளம்பரத்தில் “விமான நிலையம் அருகில்” என்று போடுவார்களே, அந்த வகை.

சான்டா ஃபே கதை இன்னும் ருசியானது. அட்சிசன், டொபீகா அண்டு சான்டா ஃபே என்ற அந்தப் பெரிய ரயில்வேயின் பிரதானப் பாதை சான்டா ஃபே நகரத்துக்குள் போகவே இல்லை. மலைப்பாங்கான நிலம் ஒத்துவராததால், லேமி என்ற சின்ன ஊர் வழியாகப் பாதையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து சுமார் 29 கிலோமீட்டருக்குக் கிளைப்பாதை ஒன்றை 1880இல் போட்டு நகரத்தைச் சமாதானப்படுத்தினார்கள். பி.என்.எஸ்.எஃப். பெயரின் கடைசி இரண்டு எழுத்து அந்த ஊரின் எச்சம். இனி யாராவது “பழைய பெயரில் ஊர் இருந்தது” என்றால், எந்த ஊர் என்று ஒரு முறை கேளுங்கள்.

எழுத்துச் சுருக்கமே நவீன நோய் என்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். மிசௌரி–கேன்சஸ்–டெக்சஸ் ரயில்வேயை எம்.கே.டி. என்று சுருக்கினார்கள். அதில் ‘கே.டி.’ மட்டும் மக்கள் வாயில் ‘கேட்டி’ ஆயிற்று, ஒரு பெண்ணின் பெயர் மாதிரி. நம் பக்கமும் 1908இல் உண்டான மெட்ராஸ் அண்டு சதர்ன் மராத்தா ரயில்வேயை யாரும் முழுதாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, எம்.எஸ்.எம். என்றே சொன்னார்கள். ஆகவே சுருக்கத்தில் குற்றமில்லை. சொல்லாக மாறாத சுருக்கம்தான் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. கேட்டி, கான்ரெயில், ஆம்ட்ராக் எல்லாம் கூப்பிட வருகின்றன. சி.பி.கே.சி. எப்படிச் சொன்னாலும் பரீட்சை மையத்தின் குறியீட்டு எண்ணாகத்தான் ஒலிக்கிறது. இது என் கருத்து; சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

சி.பி.கே.சி. பற்றி ஒரு வார்த்தை. கனடியன் பசிபிக், கேன்சஸ் சிட்டி சதர்ன் இரண்டும் 2023 ஏப்ரல் 14 அன்று ஒன்றாயின. கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றையும் ஒரே கம்பெனியின் தண்டவாளத்தில் இணைத்த முதல் ரயில்வே அது. பெயரை விரித்தால் கனடியன் பசிபிக் கேன்சஸ் சிட்டி. இதில் ‘சதர்ன்’ போய்விட்டது, ‘ரயில்’ என்ற சொல்லும் கிடையாது. தெற்கே மெக்சிகோ வரை ஓடுவதே பெருமை என்னும்போது ‘தெற்கு’ என்ற சொல்லைக் கழற்றி வைத்தது எனக்கு இன்னும் புரியவில்லை. (அதே ஏப்ரல் 14 அன்றுதான், 1951இல், எம்.எஸ்.எம்., சவுத் இந்தியன், மைசூர் ரயில்வேக்களைச் சேர்த்து நம் சதர்ன் ரயில்வேயை உண்டாக்கினார்கள். அவர்கள் தெற்கைச் சேர்த்துக்கொண்டார்கள், இவர்கள் கழித்துவிட்டார்கள்.)

இனி வருவதுதான் பெரிய சிக்கல். என்ஜினில் எழுதியிருக்கும் பெயரும் சட்டப்படி இருக்கும் கம்பெனியும் ஒன்றே என்று நினைப்பது.

செஸ்ஸி சிஸ்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.எக்ஸ். வந்து அழகான செஸ்ஸியைக் கொன்றுவிட்டது என்று அழுபவர்கள் நிறைய. மஞ்சள், செம்மஞ்சள், நீலம் அடித்த என்ஜின்; ‘சி’ எழுத்துக்குள் தூங்கும் பூனைக்குட்டி. 1933இல் செசபீக் அண்டு ஒஹையோ ரயில்வே தன் படுக்கை வசதிப் பெட்டிகளுக்காக விளம்பரம் செய்தபோது வந்த பூனைக்குட்டி அது. அழகுதான். ஆனால் செஸ்ஸி சிஸ்டம் என்பது 1970களில் மேலே போர்த்திய ஒரு குடைப் பெயர். பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கி, ஓட்டுநர் அறை ஜன்னலுக்குக் கீழே பாருங்கள். எண்ணுக்கு அடியில் பொடி எழுத்தில் சி அண்டு ஓ என்றோ, பி அண்டு ஓ என்றோ, டபிள்யூ.எம். (வெஸ்டர்ன் மேரிலாண்டு) என்றோ இருக்கும். அந்தப் பொடி எழுத்துதான் நிஜமான உரிமையாளர். 1827இல் தொடங்கிய பால்டிமோர் அண்டு ஒஹையோ, செஸ்ஸி வந்த பிறகும் காகிதத்தில் உயிரோடு இருந்து 1987இல்தான் கரைந்தது. பலரும் அழுவது பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய ஒரு வண்ணப்பூச்சுக்கு. 160 வருஷப் பெயரை யாருமே கவனிக்கவில்லை.

யூனியன் பசிபிக் விஷயம் இதைவிட விபரீதம். பெயர் மாறாமல் நின்ற ஒரே கம்பெனி என்று அதைப் புகழாத ரசிகர் இல்லை. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தில் இருந்த பெயர் இன்றும் மஞ்சள் என்ஜினில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது 1996இல் தன் பரம எதிரியான சதர்ன் பசிபிக்கை வாங்கியது. 1998 பிப்ரவரி 1 அன்று காகிதத்தில் ஒரு தலைகீழ் வேலை நடந்தது. யூனியன் பசிபிக் ரயில்ரோடு என்ற கம்பெனி, சதர்ன் பசிபிக்கின் கம்பெனிக்குள் இணைக்கப்பட்டது. எஞ்சியது சதர்ன் பசிபிக். உடனே அதற்கு யூனியன் பசிபிக் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். ஆக, இன்று ஓடும் யூனியன் பசிபிக் சட்டப்படி பார்த்தால் பெயர் மாற்றிக்கொண்ட சதர்ன் பசிபிக். தோற்றவன் உடம்பு, ஜெயித்தவன் சட்டை.

நார்ஃபோக் சதர்னும் இப்படித்தான். 1982இல் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்னும் சதர்ன் ரயில்வேயும் ஒரே தாய்க் கம்பெனியின் கீழ் வந்தன. 1990 டிசம்பர் 31 அன்று சதர்ன் ரயில்வே தன் பெயரை நார்ஃபோக் சதர்ன் ரயில்வே என்று மாற்றிக்கொண்டது. இதற்கு முன்பே நார்ஃபோக் சதர்ன் என்று வேறொரு சின்ன ரயில்வே இருந்தது. 1974இல் அதைச் சதர்ன் வாங்கியிருந்தது. ஆகவே பழைய புகைப்படம் ஒன்றில் நார்ஃபோக் சதர்ன் என்று கண்டால் அது இன்றைய கம்பெனியின் தாத்தா என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு பேர். அப்புறம் அந்தச் சதர்ன் ரயில்வே வேறு, நம் சதர்ன் ரயில்வே வேறு, இங்கிலாந்தில் 1923 முதல் 1947 வரை இருந்த சதர்ன் ரயில்வே வேறு. தேடிப் படிக்கிறவர்கள் இதில் கால் இடறாமல் இருந்தால் சரி.

இணைப்பு அறிவிப்பு வந்ததுமே பழைய பெயருக்குப் பால் ஊற்றிவிடுவது இன்னொரு பழக்கம். இந்தத் தவறை ரசிகர்களுக்கு முன்னால் கம்பெனியே செய்திருக்கிறது. 1983 டிசம்பரில் சான்டா ஃபேயின் தாய்க் கம்பெனியும் சதர்ன் பசிபிக்கின் தாய்க் கம்பெனியும் ஒன்றாயின. ரயில்வேக்களும் ஒன்றாகப் போகின்றன என்ற தைரியத்தில் என்ஜின்களுக்குச் சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்தார்கள். கோடாக்ரோம் ஃபிலிம் டப்பா நிறம் என்பதால் ரசிகர்கள் வைத்த பெயரும் கோடாக்ரோம்தான். பக்கவாட்டில் பாதிப் பெயர் மட்டும் எழுதினார்கள். சதர்ன் பசிபிக் என்ஜினில் எஸ்.பி., சான்டா ஃபே என்ஜினில் எஸ்.எஃப். மற்ற இரண்டு எழுத்துக்கு இடம் விட்டு வைத்தார்கள். 1986 ஜூலையில் வர்த்தக ஆணையம் நாலுக்கு ஒன்று என்ற வாக்கில் முடியாது என்று சொல்லிவிட்டது. வெற்றிடம் வெற்றிடமாகவே ஊர் ஊராக ஓடியது. எஸ்.பி.எஸ்.எஃப். என்றால் ‘ஷுடன்ட் பெயின்ட் சோ ஃபாஸ்ட்’, அதாவது இவ்வளவு அவசரமாகப் பெயின்ட் அடித்திருக்கக் கூடாது என்று ரசிகர்கள் விரிவாக்கம் கொடுத்தார்கள். ரயில் உலகத்தில் இதைவிட நல்ல கிண்டலை நான் கேட்டதில்லை.

2025 ஜூலையில் யூனியன் பசிபிக், நார்ஃபோக் சதர்னைச் சுமார் 8,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்ததும் பலர் நார்ஃபோக் சதர்னின் குதிரைத்தலைச் சின்னத்துக்கு இரங்கல் எழுத உட்கார்ந்தார்கள். தரைவழிப் போக்குவரத்து வாரியம் சம்மதித்தால்தான் அறிவிப்பு இணைப்பாகும். பேனாவை எடுக்கும் முன் அந்தக் கோடாக்ரோம் என்ஜினை ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம்.

சின்னத் தவறுகள் இரண்டைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜெனிசீ அண்டு வயோமிங் என்ற ரயில் கம்பெனியின் பெயரைக் கேட்டதும் மேற்கே இருக்கும் வயோமிங் மாநிலத்துக்குப் போய்விடாதீர்கள். அது நியூயார்க் மாநிலத்தில் அதே பெயருள்ள பகுதி. மற்றது உச்சரிப்பு. ரெடிங் ரயில்வேயின் ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ரீடிங்’ என்று படித்தால் பென்சில்வேனியாக்காரர்கள் சிரிப்பார்கள்.

செத்த பெயர் செத்ததுதான் என்றும் நம்பிவிட முடியாது. பான் ஆம் விமானக் கம்பெனி 1991இல் மூழ்கியது. அதன் பெயரையும் சின்னத்தையும் 1998இல் வாங்கியது நியூ இங்கிலாந்தைச் சேர்ந்த கில்ஃபோர்டு என்ற ரயில் கம்பெனி. 2006இல் தன் ரயில்களுக்கே பான் ஆம் ரயில்வேஸ் என்று பெயர் வைத்தது. நீல உருண்டைச் சின்னத்தோடு சரக்குப் பெட்டிகள் மெய்ன் மாநிலக் காடுகளுக்குள் காகித ஆலைச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயின. 2022இல் சி.எஸ்.எக்ஸ். அதை வாங்கிக்கொண்டது.

இன்னொன்று வேகனில் நடந்தது. பென்சில்வேனியா ரயில்ரோடும் நியூயார்க் சென்ட்ரலும் 1968இல் பென் சென்ட்ரலாக இணைந்து மறைந்தவை. பென் சென்ட்ரல் இரண்டே வருஷத்தில் திவால் ஆயிற்று. 1976இல் அதை உள்ளடக்கிக் கான்ரெயில் வந்தது. 1999 ஜூனில் நார்ஃபோக் சதர்னும் சி.எஸ்.எக்ஸும் கான்ரெயிலைப் பங்கு போட்டுக்கொண்டன. பிரித்த சொத்தைக் கணக்கில் வைக்க நார்ஃபோக் சதர்ன் பக்கம் ‘பென்சில்வேனியா லைன்ஸ்’, சி.எஸ்.எக்ஸ். பக்கம் ‘நியூயார்க் சென்ட்ரல் லைன்ஸ்’ என்று கம்பெனிகளை உண்டாக்கினார்கள். கான்ரெயில் வேகன்களிலும் என்ஜின்களிலும் பி.ஆர்.ஆர்., என்.ஒய்.சி. என்ற பழைய குறியீடுகள் திரும்ப ஏறின. ஆகவே நீல நிறக் கான்ரெயில் என்ஜின் ஒன்றில் என்.ஒய்.சி. என்று எழுதிய படம் கிடைத்தால், 1968க்கு முந்தியது என்று தேதி போட்டுவிடாதீர்கள். எழுத்தை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் பெயின்டைப் பாருங்கள்.