எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ சொல்லும் தம்பிக்காக

என் தம்பிக்கு 26 வயது. கடிகாரம் பார்க்கத் தெரியாது. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவில் யார் கூப்பிட்டாலும் தண்ணீர்க் குடம் தூக்கித் தருவான். சென்ற வருடம் ஒரு கடையில் செல்போனை எடுத்துவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில் கன்னடத்தில் கேட்டதற்கெல்லாம் ‘ஹௌது சார்’ (ஆமா சார்) என்றான். எடுத்தது ஒரு போன், ஒப்புக்கொண்டது நான்கு.

அறிவுசார் குறைபாடு உள்ள பலர் இப்படித்தான். கேள்வி புரியாவிட்டாலும், எதிரில் இருப்பவர் கோபப்படக் கூடாதே என்று தலையாட்டிவிடுவார்கள். அதனால் உங்கள் வீட்டில் இப்படி ஒருவரைப் போலீஸ் பிடித்தால் நீங்கள் உடனே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), ஐக்யூ (அறிவுத்திறன்) பரிசோதனை அறிக்கை, சிறப்புப் பள்ளிச் சான்றிதழ், எது இருந்தாலும் நகலோடு அவருடைய நிலையை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது நிற்காது. கன்னடத்தில் ‘புத்திமாந்த்யா’ (புத்தி மந்தம்) என்றால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது, ஆனால் அன்றைக்கு அதைத்தான் சொன்னேன்.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். தன் வழக்கைப் புரிந்துகொள்ள முடியாதவன் என்றால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ கொண்டு பரிசோதிக்கச் சொல்லி வக்கீல் மனுப் போடலாம். அது உறுதியானால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369-ஆம் பிரிவு கைகொடுக்கும். உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை என்றால், குடும்பத்தில் ஒருவர் அவனைப் பார்த்துக்கொண்டு சிகிச்சைக்குத் தவறாமல் கூட்டிப்போவதாகப் பொறுப்பேற்றால், ஜாமீன் தர முடியாத வழக்கிலும் ஜாமீன் கிடைக்கும். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் சிகிச்சை. பெங்களூருவின் மனநல மருத்துவமனையான நிமான்ஸ் போனால் மாத்திரையில் சரியாகிவிடும் என்று அம்மா நம்பினார். அறிவுசார் குறைபாட்டுக்கு மாத்திரை கிடையாது. கூடவே மன அழுத்தமோ வலிப்போ இருந்தால் அதற்குத்தான் மருந்து. மற்றதெல்லாம் பழக்கிக் கொடுப்பதுதான், அதையும் அவன் பேசும் மொழியிலேயே செய்ய வேண்டும். தமிழ் தெரிந்த உளவியலாளர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் நாங்கள் விளையாட்டாக ஒரு கடை நடத்துகிறோம். மேசையில் என் போன், அம்மாவின் கண்ணாடி, அவனுடைய பந்து. யாருடையது, யாரைக் கேட்க வேண்டும், கேட்காமல் எடுத்தால் அவருக்கு என்ன ஆகும் என்று நடித்துப் பார்ப்போம். தினமும் பத்து நிமிடம் போதும். சரியாகச் செய்தால் அந்த நொடியே பாராட்டுங்கள். நேற்றைய தப்புக்கு இன்றைக்கு அடித்தால் எதற்கு அடி என்றே அவனுக்குத் தெரியாது.

அவனிடம் எதையும் ‘நீதானே எடுத்தே?’ என்று கேட்காதீர்கள். ‘என்ன நடந்துச்சு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ‘நனகெ அர்த்த ஆகலில்ல, அக்கன்ன கரீரி’ (எனக்குப் புரியல, அக்காவைக் கூப்பிடுங்க) என்ற ஒரே கன்னட வாக்கியத்தை மூன்று மாதம் சொல்லிக் கொடுத்தேன். நடுவில் சும்மா கேட்டுப் பார்ப்பேன். ‘நேத்து நீ மைசூர் போனியா?’ முதலில் எல்லாம் ஆமா, ஆமா. போன வாரம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘இல்லக்கா, வீட்லதான் இருந்தேன்’ என்றான்.