நிழல் பொம்மையில் எல்லோருக்கும் ஒரு வேலை

ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவள் சொன்னதையே திருப்பிச் சொல்லும். வகுப்பில் யாருக்கு எது நன்றாக வரும் என்று அறிய, கேட்காமல் ஒரு வாரம் பாருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பிள்ளைக்கு ஒரு பக்கம். விளையாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். "கெட்டிக்காரன்", "கூச்சக்காரி" என்றெல்லாம் எழுதிப் பயன் இல்லை. "சண்டையை நிறுத்திப் பந்தை முறை வைத்துக் கொடுத்தாள்" என்பது பயன்படும். ஒன்றும் செய்யாமல் ஓரமாக நிற்கிற பிள்ளைக்குத்தான் கூடுதல் நேரம் தேவை. தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கத்துப் பையன் அங்கே நின்று, போகிற லாரிகளை நம்பர் பிளேட் பார்த்து டிஎன் (தமிழ்நாடு), கேஎல் (கேரளா) என்று பிரித்து எண்ணிக்கொண்டிருக்கலாம். அதற்கு மார்க் போடும் பரீட்சை கிடையாது.

அடுத்த வாரம், பல கை சேர்ந்தால்தான் முடிகிற ஒரு வேலையைக் கொடுங்கள். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிழல் பொம்மை நன்றாகப் பொருந்தும். பாலக்காட்டுப் பகவதி கோயில்களில், கூத்துமாடம் என்ற மேடையில் 21 விளக்கேற்றி நடக்கும் தோல்பாவைக்கூத்து என்ற நிழல் பொம்மலாட்டத்தில் பாடுவது தமிழ்க் கம்பராமாயணம். தெருவில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்து, தன் பேச்சைக் கேலிக்குரியதாக நினைக்கிற பிள்ளை இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆறு பேருக்கு ஒரு குழு. பழைய காலண்டர் அட்டையில் ஒரு சாண் உயரத்துக்கு உருவம் வெட்டுங்கள். அதைவிடப் பெரிதானால் மடங்கும். பிடித்து ஆட்ட ஒற்றை ஈர்க்குச்சி போதாது, வளையும்; இரண்டைச் சேர்த்து உருவத்தோடு நூலால் இறுக்கிக் கட்டுங்கள். கை, வால் ஆட வேண்டுமானால் தனியாக வெட்டி, துளையிட்டு நூல் முடிச்சால் கோக்க வேண்டும். முடிச்சு இறுகினால் ஆடாது. துளை போடுவது பெரியவர் வேலை. வெள்ளை வேட்டியை வாசற்படியில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, நாலைந்து அடி பின்னால் செல்போன் லைட்டை வையுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் நிழல் கலங்கிப்போகும். பொம்மை துணியோடு ஒட்டி இருக்க வேண்டும். விலகினால் உருவம் பெரிதாகி மங்கும்.

வேலையைப் பிரிக்க நோட்டு உதவும். வெட்ட ஒருத்தி, பொம்மையை ஆட்ட ஒருத்தி, கதை சொல்ல ஒருவன், முறத்தில் நெல்லை உருட்டி மழைச் சத்தம் எழுப்ப ஒருவன், பொம்மை வரிசையை நினைவில் வைத்து எடுத்துக்கொடுக்க நம்ம லாரிக்காரன், பார்க்க வருகிறவர்களை இரண்டு மொழியிலும் அழைக்க ஒருத்தி. கத்தரிக்கோல் பையன்கள் கைக்கே போய்ச் சேரும், கவனியுங்கள்.

பாராட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "சூப்பர்" என்றால் எது சூப்பர் என்று பிள்ளைக்குத் தெரியாது. "வாலைத் தனியா வெட்டிக் கட்டினியே கண்ணு, அதான் குரங்கு நிஜமா தாவுது" என்றால் தான் செய்தது என்ன என்று புரியும். "அக்காவைப் பாரு" என்ற பேச்சே வேண்டாம். பரிசும் வேண்டாம். 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளி ஒன்றில் நடத்திய சோதனையில், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு தாமாக வரைவது மற்றவர்களைவிடக் குறைந்துபோனது. படம் சான்றிதழுக்கான கூலிவேலை ஆகிவிட்டது.

இரண்டாவது ஆட்டத்தில் வேலைகளை மாற்றுங்கள். "இவள் வெட்டுகிறவள்" என்று முத்திரை விழுந்தால், கதை சொல்கிற பக்கமே போகப் பயப்படுவாள். முதலில் சொதப்பும், திருத்தக் கை நீட்டாதீர்கள். போன முறை அந்த வேலையைச் செய்த பிள்ளையிடம் கேட்கச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நோட்டிலிருந்து ஒரு வரி மட்டும் படிக்கலாம், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.